கண்ணாடிக்கு அடியில் மூத்தவள்

உள்ளே இருட்டறையில் கைலாசம் பிள்ளை எழுத்துப் படித்துக்கொண்டிருந்தார். முதலில் ட என்றார். பிறகு ப என்றார். அப்புறம் ரொம்ப நேரம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, பெண் கேட்க வந்தவர் மாதிரித் தயங்கி, ம என்றார். டாக்டர் ஒரு கண்ணாடிச் சில்லைக் கழற்றி இன்னொரு சில்லை மாட்டுகிற சத்தம் கேட்டது. பாதிக்கதவுக்கு இந்தப் பக்கம், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம் பூரணத்துக்குச் சிரிப்பு வந்தது. புகையிலை மண்டியில் ஆயுசு முழுக்கக் கணக்கு எழுதின மனுஷன், தலை நரைத்து, பேத்தி எடுத்து, இப்போது போய் எழுத்து ஒப்பிக்கிறார். ஒப்பிக்கட்டும். ரெண்டு வருஷமாகக் கண்ணில் புரை விழுந்து, சோற்றில் கிடப்பது கல்லா மிளகா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆபரேஷன் ஆகி, கட்டுப் பிரித்து, இன்றைக்குத்தான் கண்ணாடி கொடுக்கிறார்கள். கண்ணாடி வந்ததும் இரண்டு பேரும் நேரே கடைவீதிக்குப் போய்ச் சேலை எடுக்க வேண்டும். நாளைக்கு, செத்துப்போன மூத்தவளுக்குப் படையல். கிளிப்பச்சையில் சிவப்புக் கரை, வேறு நிறம் கூடாது. படைத்த சேலையை வருஷம் முழுக்கப் பூரணம் கட்டிக்கொள்ள வேண்டும். அவள் இந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்த நாளிலிருந்து அந்த நிறம் மாறியதில்லை, ஒரே ஒரு வருஷத்தைத் தவிர. அந்த வருஷத்தை இப்போது நினைக்க வேண்டாம் என்று அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மத்தியானம் சாய்ந்துகொண்டிருந்தது. ஜன்னலில் கட்டியிருந்த பச்சைத் திரை வழியாக வெயில் வடிந்து இறங்கி, காத்திருக்கிற அத்தனை பேர் முகத்திலும் பச்சை பூசியிருந்தது. கண்ணில் மருந்து விட்டுக்கொண்டவர்கள் தலையைச் சுவரில் சாய்த்து, வாயைப் பிளந்து, குளத்துக்கு அடியில் தூங்குகிறவர்கள் மாதிரிக் கிடந்தார்கள். விசிறி சுற்றுகிறதா, சும்மா முனகுகிறதா என்று தெரியவில்லை. பூரணத்துக்கும் கண் சொருகியது. கண் சொருகினால் அவளுக்கு முதலில் வருவது வாசனைதான். எந்த மண்டிக் கிட்டங்கியிலிருந்தோ புகையிலை நெடி வந்து மூக்கில் ஏறியது. கல்யாணமாகித் திண்டுக்கல்லில் வந்து இறங்கிய அன்றைக்கும் இதே நெடிதான். ஆரத்தித் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு ஓயாமல் தும்மினாள். மாமியார் முகம் சுளிக்கவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஒரு சட்டத்துக்கு முன்னால் நிறுத்தி, மூத்தவளைக் கும்பிட்டுக்கோ என்றாள். இத்தனை பெரிய சட்டம், அதற்குள் ஊதா வெல்வெட்டு, வெல்வெட்டுக்கு நடுவில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு படம். பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும். குனிந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள். அப்படி ஒரு அழகு! எலுமிச்சம்பழ நிறம். கிளிப்பச்சைச் சேலை, சிவப்புக் கரை. காதோரம் சரிந்த பக்கக் கொண்டை. மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. ஒரு கை இடுப்பில், இன்னொரு கையில் மடித்த கைக்குட்டை. உதட்டில், சொல்லட்டுமா வேண்டாமா என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. இவளைப் பார்த்த கண்ணா இனிமேல் என்னைப் பார்க்கப்போகிறது என்று பூரணம் நினைத்தாள். ஞானாம்பாள் என்று பேர். கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் விஷக்காய்ச்சலில் போய்விட்டவள். மறுநாளே மாமியார் தட்டானை வரவழைத்து, ஒரு பக்கம் மட்டும் குத்தியிருந்த பூரணத்தின் மூக்கில் மறுபக்கமும் குத்தச் சொன்னாள். மூத்தவள் இரண்டு பக்கமும் போட்டிருந்தாளாம், இளையவள் மொட்டையாக நிற்கக் கூடாதாம். மூக்கு வீங்கி, வேப்பங்குச்சி செருகி, அந்த வாரம் முழுக்க அழுகிறாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாதபடி கண்ணில் நீர் கட்டியிருந்தது.

அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் பேசாத பேச்சில்லை. கையில் கைக்குட்டை வைத்திருக்கிறாளே, நாலெழுத்துப் படித்தவள் என்பார்கள். பக்கக் கொண்டை போட்டிருக்கிறாளே, அவள் பிறந்த ஊர்ப்பக்கம் அப்படித்தான் என்பார்கள். இடுப்பில் கை வைத்து நிற்கிறாளே, யாருக்கும் பயப்படாத பெண் என்பார்கள். பூரணம் குழம்பில் உப்பைக் கூட்டிவிட்டால், மூத்தவளுக்குக் கை அளவு தெரியும் என்பார்கள். அடியம்மா, உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, சாகாமல் இருக்க மட்டும் தெரியவில்லையே என்று அடுப்படியில் நின்று முணுமுணுத்துவிட்டு, உடனே பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் சட்டத்தைத் துடைத்துப் பொட்டு வைத்தது இந்தக் கைதான். சேலையில் எத்தனை மடிப்பு, கைக்குட்டையின் எந்த முனை தொங்குகிறது, பச்சை மை எங்கே கோட்டைத் தாண்டிக் காதில் கொஞ்சம் ஈஷியிருக்கிறது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அதனால்தான், தூக்கக் கலக்கத்தில் பக்கத்திலிருந்த டோக்கன் மேசையில் முழங்கையை ஊன்றிக் குனிந்தவள், மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஞானாம்பாள் நிற்பதைப் பார்த்தபோது ஆச்சரியம்கூடப் படவில்லை. வீட்டில்தான் இருக்கிறோம், விளக்கேற்ற நேரமாகிவிட்டது என்று நினைத்தாள். விரலை எச்சில் தொட்டு, கண்ணாடி மேலிருந்த தூசியைத் துடைக்கவும் செய்தாள். தூசிக்கு அடியில் அதே சிரிப்பு. காதில் ஈஷிய அதே பச்சை. அப்புறம்தான் அக்கம்பக்கம் கண்ணில் பட்டது. மூத்தவளுக்கு இந்தப் பக்கம் தோளில் மயிலிறகு வைத்த ஒரு ராஜா. அந்தப் பக்கம் கோடு போட்ட பனியனும் கழுத்தில் துண்டுமாக ஒரு திருடன். காலடியில் ஒரு கால் சிவப்பு, ஒரு கால் மஞ்சள் என்று நிஜார் போட்ட கோமாளி. நடுச்சந்தையில் நிற்கிறாள். வீட்டுப் படத்தில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. காலுக்குக் கீழே ஒரு பட்டை, பட்டையில் எழுத்து. உள்ளே அவர் ய என்றார், இல்லை, ப என்றார். வெளியே இவளும் எழுத்துக் கூட்டினாள். ஸ்திரீபார்ட். கரூர் மாசிலாமணி. அதற்கும் கீழே பொடியாக, கொடிமரம் மார்க் சிகரெட்.

மேசைக்குச் சொந்தக்காரர் ஆரோக்கியசாமி. டோக்கன் கொடுப்பவர், கண்ணில் மருந்து விடுபவர், வாய் ஓயாதவர். அவள் குனிந்து பார்ப்பதைக் கண்டதும் அவருக்கு ஏக சந்தோஷம். இந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குக் கண் தெரியாது, கண் தெரிந்ததும் போய்விடுகிறார்கள், யாரம்மா இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்றார். எல்லாம் சிகரெட் படமாம். அந்தக் காலத்தில் பெட்டிக்கு ஒன்று உள்ளே வைத்து வருமாம். முழு வரிசையும் சேர்த்து அனுப்பினால் கம்பெனிக்காரன் கடிகாரம் தருவானாம். அவருக்கு ஒரு சேவகன் மட்டும் கடைசி வரைக்கும் கிடைக்கவில்லையாம். பூரணம் விரலை வைத்து, இந்த அம்மா யாரு என்று கேட்டாள். தன் குரல் யாரோ பேசுகிற மாதிரி அவளுக்கே கேட்டது. ஆரோக்கியசாமி சிரித்தார். அம்மாவாவது! மீசையை மழித்துவிட்டு வருகிற ஆள் என்றார். நாடகத்தில் அப்போது பொம்பளை வேஷமெல்லாம் ஆம்பளைதான். அதிலும் இந்த மாசிலாமணி வந்தால் கொட்டகை தாங்காதாம். பிறகு அவராகவே சொல்லிக்கொண்டு போனார். கேஸ் லைட்டு வெளிச்சத்தில் கடைசியில் மணலில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு முகம் தெரியாது, அவனுக்குச் சேலைதான் பேச வேண்டும். அரக்குச் சேலை, பின்கொண்டை, ஒரு பக்க மூக்குத்தி, கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அது தாலி கட்டின பெண்டாட்டி. வெள்ளை வந்தால் அழப் போகிறாள் என்று அர்த்தம். கிளிப்பச்சை, பக்கக் கொண்டை, மூக்கில் ரெண்டு பக்கமும் மினுக்கு, கையில் கைக்குட்டை என்றால் கேட்கவே வேண்டாம், கொட்டகையே விசிலடிக்கும்.

"குடும்பத்தைக் கெடுக்க வர்றவம்மா. சக்களத்தி வேஷம். பச்சையைப் பாத்ததுமே ஜனத்துக்குத் தெரிஞ்சுரும்" என்றார் ஆரோக்கியசாமி. அதற்குள் ஒரு கிழவர் மருந்து எரிகிறது என்று சத்தம் போட, எழுந்து போய்விட்டார்.

பூரணம் தன் மடியைப் பார்த்தாள். போன வருஷத்துப் படையல் சேலை, துவைத்துத் துவைத்து நிறம் இறங்கியிருந்தாலும் பச்சை பச்சைதான். மூக்கில் இரண்டு பக்கமும் கனத்தது. ஆக, இத்தனை வருஷமாகத் தெருவில், கோயிலில், தண்ணீர்க் குழாயில், சக்களத்தி வேஷத்தைப் போட்டுக்கொண்டு போய் வந்திருக்கிறோம். அடக் கண்றாவியே! சிரிப்பு வந்தது, முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். சிரிப்புக்குப் பின்னாலேயே என்னென்னவோ வந்தது. நாடகம் முடிந்து அந்த மாசிலாமணி தேங்காயெண்ணெய் தொட்டு முகத்தைத் துடைக்கிறார். எலுமிச்சை நிறம் துணியோடு வந்துவிடுகிறது. கொண்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார். லுங்கியைக் கட்டிக்கொண்டு, பீடியைப் பற்றவைத்து, காப்பிக் கடைக்குப் போய் இரண்டு இட்லிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்கிறார். அவருக்கு வருஷா வருஷம் திண்டுக்கல்லில் சர்க்கரைப் பொங்கல் வைத்து, வடை தட்டி, புதுச் சேலை சாத்தி, ஒரு பொம்பளை விழுந்து கும்பிடுகிறாள் என்று யாராவது போய்ச் சொன்னால் புரையேறிச் செத்துப்போவார். செத்தே போயிருப்பாரோ என்னவோ. பாவம், அவர் என்ன செய்தார். ஆனால் மண்டிக்காரர்கள்? படையல் அன்றைக்கு மண்டியில் புருஷனோடு வேலை பார்த்தவர்கள் சாப்பிட வருவார்கள். வந்து படத்தைக் கும்பிட்டுவிட்டு, இலையில் உட்கார்ந்ததும் குனிந்துகொள்வார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கமாட்டார்கள். துக்கம் என்று நினைத்தாளே. அத்தனை பேர் சட்டைப்பையிலும் இந்தப் படம் இருந்திருக்கும். ஞானாம்பாளின் தம்பி ஒரு தடவை வந்தானே. மாமியார் பெருமையாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். அவன் ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, படத்தில் எல்லாரும் வேற மாதிரித்தான் இருக்கிறார்கள் என்று சொல்லிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனான். அப்புறம் வரவே இல்லை.

உள்ளே டாக்டர், இப்ப எப்படித் தெரியுது என்று கேட்டார். அவர், பரவாயில்லை ஆனா நெளியுது என்றார். நெளியட்டும், நெளியட்டும் என்று பூரணம் நினைத்துக்கொண்டாள். நினைக்க வேண்டாம் என்று வைத்திருந்த அந்த வருஷம் தானாகவே வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. யுத்த காலம், துணிக்குப் பஞ்சம். கடையில் கிளிப்பச்சை இல்லை. நீலம் இருந்தது, மயில் கழுத்து நீலம். அவளுக்கு நீலம் பிடிக்கும், கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஆசைப்பட்டுக் கேட்டதெல்லாம் நீலம்தான். மூத்தவள் ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ள மாட்டாளா என்று அதையே எடுத்துப் படைத்துக் கட்டிக்கொண்டாள். அந்த மாசமே பையனுக்கு மாந்தம் கண்டது. தவழ ஆரம்பித்திருந்தான், பிடித்து நிற்கப் பார்ப்பான், நின்றதும் யார் பார்த்தார்கள் என்று திரும்பிப் பார்ப்பான். மூன்றாம் நாள் இல்லை. மூத்தவ நெறத்தை மாத்தினியே, கோவிச்சுக்கிட்டா என்று மாமியார் சொன்னாள், திட்டக்கூட இல்லை, அழுதுகொண்டே சொன்னாள். பூரணம் அந்தப் படத்துக்கு முன்னால் போய் விழுந்தாள். தாயே, என்னை எடுத்துக்கொண்டிருக்கலாமே என்றாள். சேலையைப் பார்த்தாயே, பிள்ளையைப் பார்க்கவில்லையே என்றாள். உன் புருஷனை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். நெற்றி தரையில் இடித்து வீங்கியது. எத்தனை நாள் அப்படிக் கிடந்தாளோ. அப்போது வாசற்படியில் ஒரு ஜோடிக் கால் நின்றது ஞாபகம் இருக்கிறது. அவர் கால். நின்றது, பிறகு போய்விட்டது. அந்தக் காலுக்குச் சொந்தக்காரருக்குத் தெரியும், இவள் விழுந்து கிடப்பது ஒரு சிகரெட் படத்துக்கு முன்னால் என்று. தெரிந்தும் போய்விட்டார்.  இந்த மனுஷனுக்கா நான் கல் பொறுக்கிச் சோறு பிசைந்து கொடுத்தேன், இந்தக் கண்ணுக்கா வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டேன் என்று தோன்றியது. தோன்றட்டும், தோன்றாமல் என்ன செய்யும்.

ஆனால் மனசு அங்கேயே நிற்கவில்லை, செக்குமாடு மாதிரிச் சுற்றி இன்னொரு இடத்துக்கு வந்தது. தினம் காலையில் மண்டிக்குப் புறப்படுமுன் அவர் அந்தப் படத்துக்கு முன்னால் நிற்பார். கும்பிடமாட்டார், திருநீறு பூசமாட்டார், சும்மா பார்ப்பார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கூட்டலில் ஓரணா உதைக்கிறபோது பார்ப்பாரே, அப்படி. சமையல்கட்டிலிருந்து பூரணம் அதைப் பார்ப்பாள். அவள் தட்டில் இட்லி வைக்கும்போது தட்டைப் பார்க்கிறவர், அவள் பேசினால் சுவரைப் பார்க்கிறவர், அங்கே மட்டும் அப்படிப் பார்க்கிறார். அதுதான் இத்தனை வருஷம் அவள் நெஞ்சில் கிடந்த முள். குழந்தை போனதைவிடக்கூட, சொல்லக் கூடாது, அதைவிடக்கூட. தலை நரைத்த பிறகும் கண்ணாடி முன்னால் நின்று, பக்கக் கொண்டை எனக்கும் எடுக்குமா என்று ஒரு தடவை போட்டுப் பார்த்து, அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் அவிழ்த்துவிட்டிருக்கிறாள். யாரோடு போட்டி போட்டாள்? செத்துப்போன பெண்ணோடு என்றால் அதில் ஒரு கௌரவம் இருந்தது. மாசிலாமணியோடு! அப்படியானால் அவர் என்னத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொய்யைத் தினமும் தூசி தட்டிப் பார்த்தாரா. அல்லது உண்மையிலேயே அந்த முகத்தின் மேல்தான் ஆசையா. கேட்டுவிட வேண்டும். கேட்டுவிட்டால் அப்புறம் என்ன மிச்சமிருக்கும் என்று பயமாகவும் இருந்தது. பச்சை வெளிச்சம் மேசைக் கண்ணாடி மேல் மெல்ல நகர்ந்தது. ராஜா, திருடன், கோமாளி, எல்லாரும் அசைகிற மாதிரி இருந்தது. மூத்தவள் மட்டும் அதே சிரிப்போடு அப்படியே நின்றாள். நீ யாரடி, நிஜமான ஞானாம்பாள் எங்கேடி என்று பூரணம் மனசுக்குள் கேட்டாள். அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. நிஜமான அந்தப் பெண்ணுக்கு இந்த வீட்டில் ஒரு பூகூட விழவில்லை. ஒரு சேலைகூட அவளுக்கு என்று எடுக்கவில்லை.

பாதிக்கதவு திறந்தது. கைலாசம் பிள்ளை ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தார். சோடாப் புட்டி மாதிரிக் கண்ணாடி. அதற்குப் பின்னால் அவர் கண் இரண்டும் அநியாயத்துக்குப் பெரிதாகத் தெரிந்தன. எல்லாம் கிட்டத்தில் வந்து நிற்கிறது என்றார், தரை மேலே வருகிறது என்றார், விசிறிக்கு மூணு இறக்கை என்று எண்ணிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். பூரணத்துக்குப் பக்கத்தில் தடவி உட்கார்ந்தார். கடைக்குப் போகலாமா, வெயில் தாழட்டுமா என்று கேட்டார். அவள் அவர் விரலைப் பிடித்து மேசைக் கண்ணாடி மேல் வைத்தாள். அவர் குனிந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். 

"தெரிஞ்சுபோச்சா" என்றார்.

அவர் சொன்னதெல்லாம் தணிந்த குரலில், மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும் என்று அம்மா அலைந்தாள். ஞானாம்பாளுக்குப் படம் ஏது, அந்தப் பெண் ஸ்டுடியோ வாசலை மிதித்ததே இல்லை. துவைக்க எடுத்த அவர் சட்டைப்பையில் இந்தச் சிகரெட் படம் இருந்தது. அம்மாவுக்கும் அப்போது கண்ணில் இதே புரை. என் மருமகளை நெஞ்சோட வச்சிருந்தியாடா என்று கத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்தாள். உறவுக்காரர்கள் எல்லாம் வாங்கிப் பார்த்து அழுதார்கள். அவர்களில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, புதுப்பெண்ணை யார் நிமிர்ந்து பார்த்தது, அவள்தான் எப்போது தலை நிமிர்ந்தாள். அழுகிற கூட்டத்துக்கு நடுவில், அது நாடகக்காரன் என்று எந்த வாயால் சொல்வது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தார். நாளைக்குள் சட்டக்காரன் அடிப்பட்டையை வெட்டிச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டான். அப்புறம் நாளைக்கு நாளைக்கு என்றே போய்விட்டது.

"பையன் போனப்ப அது முன்னாடி விழுந்து கெடந்தேனே. அன்னிக்காவது சொல்லியிருக்கக் கூடாதா" என்றாள் பூரணம். 

"சொல்லத்தான் வந்தேன்" என்றார் அவர். "நீ அதுகிட்ட அழுதுட்டு எந்திரிச்சு வந்து, ரெண்டு வாய் கஞ்சி குடிச்சே. மூணு நாளா தண்ணிகூடக் குடிக்காதவ. அதையும் புடுங்கிறதான்னு போயிட்டேன்."

 அவளுக்குக் கோபம் இருந்தது, அது எங்கேயும் போகவில்லை, ஆனால் நிற்க இடம் கிடைக்காமல் உள்ளே சுற்றி வந்தது. ஆரோக்கியசாமி யாருக்கோ டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். மருந்து விட்டுக்கொண்ட கிழவர் குறட்டை விட்டார். கடைசியில் அவள், இத்தனை வருஷமாக நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனதைக் கேட்டாள்.

"அவ எப்படி இருப்பா?"

கைலாசம் பிள்ளை கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். தெரியவில்லை பூரணம் என்றார். கூட்டுக் குடும்பம். பகலில் அவள் சமையல்கட்டு, இவர் மண்டி. பெரியவர்கள் முன்னால் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பது மரியாதையா அப்போது. விளக்கை அணைத்த பிறகுதான் அறைக்கு வருவாள், விடியுமுன் எழுந்து போய்விடுவாள். குரல் ஞாபகம் இருக்கிறதாம். கை சின்னக் கை, உள்ளங்கை சொரசொரவென்று இருக்குமாம். முகம் மட்டும் வரவில்லை. செத்த ஒரு மாசத்திலேயே மங்கிவிட்டது. தினம் காலையில் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, இது இல்லை, இது இல்லை, அப்படியானால் எது என்று பிடித்து இழுத்துப் பார்ப்பாராம். இந்தச் சிரிப்புத்தான் வந்து முன்னால் நிற்குமாம்.

பூரணத்துக்கு அழுகை வந்தது. அவருக்காக இல்லை, தனக்காகக்கூட இல்லை. விளக்கணைத்த அறைக்குள் வந்து, விடியுமுன் எழுந்து போன அந்தச் சொரசொரத்த கைக்காரிக்காக அழுதாள். சக்களத்திக்காக அவள் அழுவது இதுதான் முதல் தடவை. அழுது முடிக்குமுன்பே ஒரு பயம் வந்தது. என் கதையும் அதேதானே. மாமியார் இருந்தவரை அவர் பகலில் ஏறிட்டுப் பார்த்ததில்லை. மாமியார் போன பிறகு அதுவே பழகிப்போயிற்று. அவர் தட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார், அப்புறம் புரை வந்துவிட்டது. நான் நாளைக்குக் கண்ணை மூடினால் எதை எடுத்துச் சட்டம் போடுவார்? எந்த முகம் வந்து என் இடத்தில் நின்றுகொள்ளும்?

"கண்ணாடியைப் போடுங்க" என்றாள்.

போட்டார்.

"என்னைப் பாருங்க."

அவர் வாசலைப் பார்த்தார், பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். இங்க எதுக்கு, வீட்டுல போய் என்றார். அவள் கேட்கவில்லை. முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெளிச்சம் வருகிற பக்கமாகத் திரும்பி, நாலு பேர் பார்க்கிற இடத்தில், தாலி கட்டின அன்றைக்குக்கூடக் காட்டாத மாதிரி முகத்தை நிமிர்த்தி அவருக்கு நேரே காட்டினாள். அவர் பார்த்தார். முதலில் ஓரக்கண்ணால், பிறகு நேராக. கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெரிய கண்கள் நெற்றியிலிருந்து மெதுவாக இறங்கி, மூக்குக்கு வந்து, கன்னத்துக்குப் போய், மோவாயில் வந்து நின்றன. விரலை நீட்டி, தொடாமல் காட்டினார்.

"இந்த எடத்துல உனக்கு ஒரு மச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

"பொறந்ததிலேருந்து இருக்கு" என்றாள் பூரணம்.